திரை காட்டும் பூஜ்யம்

காஞ்சிபுரம் வட்டாரத்தில் பட்டு நெசவைச் சார்ந்து வாழும் ஐயம்பேட்டை போன்ற ஊர்களின் மாணவர்களுக்கு, கால்குலேட்டரில் எண்கள் எவ்வடிவில் தெரிய வேண்டும் என்று அமைத்துக்கொள்வது அற்ப வேலையன்று. பட்டிழையின் நுண்மையைக் குறிக்கும் அளவான டெனியர் என்பது 9,000 மீட்டர் இழையின் கிராம் எடை; 20 டெனியர் இழையில் ஒரு மீட்டரின் எடையைக் காண 20-ஐ 9,000-ஆல் வகுக்கும்போது, தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்களே தெரியுமாறு அமைந்த வரைபடக் கால்குலேட்டர் 0.00 என்று காட்டும். எண்ணைப் பத்தின் அடுக்கோடு எழுதும் அறிவியல் குறியீட்டுக்கு மாற்றினால், அதே விடை 2.22E-3, அதாவது 0.00222 கிராம், என்று வெளிப்படும். மாறுவது தோற்றமேயன்றி மதிப்பு அன்று. எடுத்துக்காட்டாக, டிஐ-84 என்னும் வரைபடக் கால்குலேட்டர் 14 இலக்கங்களை உள்ளே வைத்துக்கொண்டு 10 இலக்கங்களையே திரையில் இடுகிறது. ஆயினும், திரையில் கண்ட பூஜ்யத்தை நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த கணக்கைத் தொடர்பவருக்கு, எத்தனை லட்சம் மீட்டர் இழையும் எடையற்றதாகவே முடியும். ஆகவே, அறிவியல் குறியீட்டை ஒன்பதாம் வகுப்பிலேயே கற்பிக்கும் தமிழகப் பள்ளிகள், கருவியின் எண் அமைப்பைச் சரிபார்த்த பின்னரே கணக்கைத் தொடங்கும் பழக்கத்தையும் உடன் கற்பிக்க வேண்டும்.