பேரேட்டின் சாவி யார் கையில்?

"சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வா!" ரேஷன் கடையிலும், தாலுகா ஆபீசிலும், பாங்கியிலும் உழைக்கும் மக்கள் இன்று அடிக்கடி கேட்கும் பதில் இது. ஒரு நாள் கூலியை இழந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த விவசாயத் தொழிலாளி இந்தப் பதிலுக்கு மறுபேச்சுப் பேச முடியாமல் திரும்புகிறார். சர்வர் என்றால் என்ன? அதை நடத்துவது யார்? நடத்துகிறவருக்கு உத்தரவு போடுவது யார்? இவற்றை நாம் கேட்டாக வேண்டும். நமது கூலிக் கணக்கும், பி.எப். பணமும், வேலை உரிமையும் இன்று அதற்குள்தான் அடங்கியிருக்கின்றன.

ராஜபாளையத்தில் 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் ஏற்பட்டபோது கணக்கெல்லாம் காகிதப் பேரேட்டில்தான். இன்று அதே குழுமத்தைச் சேர்ந்த ராம்கோ சிஸ்டம்ஸ், சம்பளக் கணக்குப் போடும் மென்பொருளைப் பல நாடுகளில் விற்கிறது. பேரேடு காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது என்பதற்கு நம் ஊரே சாட்சி.

இந்தப் புதிய பேரேட்டின் அடிப்படையை வகுத்தவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்த கணித அறிஞர். 1970-ல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் எளியது. எல்லா விவரங்களையும் அட்டவணைகளாக எழுது. ஒரே விவரத்தைப் பத்து இடத்தில் எழுதாதே. ஒரு அட்டவணையை மற்றொன்றுடன் ஓர் எண்ணால் இணைத்துவிடு. தொழிலாளர் பெயர்கள் ஓர் அட்டவணையில், ஆஜர் மற்றொன்றில், கூலி மூன்றாவதில். மூன்றையும் சேர்ப்பது தொழிலாளியின் எண். இதுதான் டேட்டாபேஸ். அதை இரவும் பகலும் இயக்கிக்கொண்டிருப்பது சர்வர்.

இந்த இயந்திரம் நமக்கு விரோதி அல்ல. ஒழுங்காக நடத்தினால் காகிதப் பேரேட்டைவிட நாணயமானது. பணம் ஒரு கணக்கில் கழிந்து மறு கணக்கில் ஏறாமல் நின்றுவிட அது விடாது. இரண்டும் நடக்கும், அல்லது இரண்டுமே நடக்காது. யார் பார்க்கலாம், யார் எழுதலாம், யார் அழிக்கலாம் என்று ஆளுக்கு ஆள் தனித்தனியாக அதிகாரம் வகுக்கலாம். எவர், எந்த நாளில், எந்த வரியைத் திருத்தினார் என்பதைக் குறித்து வைக்கும்படியும் செய்யலாம். ஆனால் இந்த விதிகளை இயந்திரம் தானாக வகுப்பதில்லை. வகுக்கிறவன் மனிதன். அவனுக்கு உத்தரவு கொடுப்பது நிர்வாகம்.

நடந்தது என்ன? 100 நாள் வேலைத் திட்டத்தில் 2022-23-ல் மட்டும் நாடு முழுவதும் 5 கோடிக்கும் அதிகமான தொழிலாளர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. முந்தைய ஆண்டில் நீக்கப்பட்டவை சுமார் ஒன்றரைக் கோடி. இது சர்க்காரே பார்லிமெண்டில் தந்த கணக்கு. போலி அட்டை, இரட்டைப் பதிவு, வேலை செய்ய விருப்பமில்லை, ஊரை விட்டுப் போனார், இறந்தார் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஒரே வருஷத்தில் இத்தனை கோடிப் பேருக்கு உழைப்பதில் விருப்பம் போய்விட்டதா? 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியாகத்தான் கூலி என்று கட்டாயமாக்கினார்கள். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே மாற்றிப் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். சட்டத்தின் பெயர் எதுவானாலும், பட்டியலில் பெயர் இருந்தால்தான் வேலை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "கூலி பாக்கி உள்ளவரின் பெயரை அழிக்காதே" என்று டேட்டாபேசுக்கு ஒரே ஒரு விதி எழுதி வைத்தால் போதும். எந்த அதிகாரி பொத்தானை அழுத்தினாலும் அது மறுத்துவிடும். ஆகவே, "கம்ப்யூட்டர் நீக்கிவிட்டது" என்ற சமாதானம் செல்லாது. நீக்க அனுமதித்தவர்கள் மனிதர்களே.

மில் தொழிலாளியின் கதையும் இதுதான். 2014 முதல் பி.எப். கணக்குக்கு ஒரே நிரந்தர எண் வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் மில் பதிவில் முத்துலட்சுமி, ஆதாரில் முத்துலெட்சுமி என்றிருந்தால் பணம் நின்றுவிடுகிறது. ஆளை அடையாளம் காட்டத்தானே எண் கொடுத்தார்கள்? பிறகு எழுத்துப் பிழைக்காக உழைத்தவளை அலைய வைப்பது என்ன நியாயம்?

சர்வரை நடத்துகிறவரும் நம்மைப் போல் கூலிக்கு உழைப்பவர்தான். நடுராத்திரியில் கூப்பிட்டாலும் எழுந்து வேலை பார்க்க வேண்டியவர். 2017 ஜனவரி 31-ல் கிட்லேப் என்ற கம்பெனியில், இரவில் வெகுநேரம் வேலை பார்த்த ஓர் எஞ்சினீயர் தவறான சர்வரில் ஆணையிட்டு, சுமார் 300 ஜி.பி. விவரத்தை அழித்துவிட்டார். நகல் எடுக்க 5 வழிகள் வைத்திருந்தார்கள், ஒன்றும் உதவவில்லை. 6 மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்த ஒரு பிரதி இருந்ததால் தப்பினார்கள். கம்பெனியே இதைப் பகிரங்கமாக எழுதியது. பாடம் என்ன? நகல் இருக்கிறது என்று சொன்னால் போதாது. அதிலிருந்து திரும்ப எழுப்பிப் பார்த்தால்தான் அது நகல்.

பணமில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. போஸ்ட்கிரெஸ் என்னும் டேட்டாபேஸ் மென்பொருளுக்கு லைசென்ஸ் கட்டணமே கிடையாது. நம் நாட்டு நீதிமன்றங்களின் வழக்குப் பதிவேடு அதில்தான் நடக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஜில்லா கோர்ட்டில் வழக்கு உள்ளவர், 16 இலக்க எண்ணைக் கொடுத்து அடுத்த வாய்தாவைக் கைபேசியிலேயே பார்க்கலாம். கோர்ட்டுப் பேரேடு மக்கள் பார்வைக்குத் திறக்கும்போது, தொழிலாளியின் சொந்தக் கணக்கு மட்டும் அவருக்கு ஏன் மறைவாக இருக்க வேண்டும்?

நமது கோரிக்கைகள் இவை:

1. கிராம சபையில் படித்துக் காட்டி, சம்பந்தப்பட்டவரின் பதிலைக் கேட்காமல் எந்தப் பெயரையும் நீக்கக்கூடாது.

2. ஒவ்வொரு தொழிலாளியும் தன் ஆஜர், கூலி, பி.எப். விவரத்தைத் தமிழில் பார்க்கவும், அதைத் திருத்தியவர் யார் என்று அறியவும் உரிமை வேண்டும்.

3. எழுதுகிறவரும் அழிக்கிறவரும் ஒருவராக இருக்கக்கூடாது. அழித்ததை மீட்க வழி இருக்க வேண்டும்.

4. நகலிலிருந்து மீட்டுப் பார்க்கும் சோதனையைக் குறித்த காலத்தில் நடத்தி, முடிவைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும்.

5. சர்வர் நின்ற நாளில் காகிதத்தில் ஆஜர் எடுக்க வேண்டும். இயந்திரம் நின்றதற்காகத் தொழிலாளியின் கூலியை வெட்டக்கூடாது.

தோழர்களே! காகிதப் பேரேடு இருந்தபோது, கணக்குப்பிள்ளையிடம் "கணக்கைக் காட்டு" என்று கேட்கத் தயங்காதவர்கள் நம் முன்னோர். இன்று கணக்கு கண்ணாடித் திரைக்குள் போயிருக்கிறது. கேள்வி அதேதான். சங்கக் கூட்டங்களிலும் கிராம சபைகளிலும் அதைக் கேட்போம்: கணக்கைக் காட்டு!