என்ன வேண்டும் உங்களுக்கு?

சென்ற மாதம் என் காலை நிகழ்ச்சிக்கு ஓர் அம்மா அழைத்தார். “வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்து நாலு மாசம் ஆகுதும்மா…” என்று தொடங்கினார். செய்திக்கு இன்னும் ஒரு நிமிடம்தான் இருந்தது. “கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும். என்ன பாட்டு வேணும்?” என்றேன். தயங்கி, ஒரு பாட்டைச் சொன்னார். சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிட்டது.

அந்த ஞாயிறு தேவாலயத்தில் மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தை வாசித்தார்கள். எரிகோ நகருக்கு வெளியே சாலையோரம் பிச்சை எடுக்கும் பார்வையற்ற பர்திமேயு, இயேசு அவ்வழியே போவதை அறிந்ததும் தனக்கு இரங்கும்படி கூவுகிறார். கூட்டம் அவரை அதட்டுகிறது. அவரோ இன்னும் உரக்கக் கூவுகிறார். இயேசு நிற்கிறார். அவரை அழைத்து வரச் சொல்லி, தாம் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடமே கேட்கிறார்.

சிறுவயதில் அந்தக் கேள்வி எனக்கு விநோதமாக இருந்தது. பார்வையற்றவர் வேறென்ன கேட்கப் போகிறார்? இப்போதுதான் புரிகிறது. துன்பப்படுகிறவருக்கு என்ன தேவை என்பதை நாமே முடிவு செய்து, ஆறுதலும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பர்திமேயுவுக்குப் பார்வை கிடைப்பதற்கு முன்பே, அவர் வாய்திறந்து சொல்ல ஓர் இடம் கிடைத்தது.

இன்னொன்று. மத்தேயுவும் லூக்காவும் எரிகோவில் பார்வை பெற்றவர்களைப் பற்றி எழுதுகிறார்கள், பெயர் சொல்வதில்லை. மாற்கு மட்டும் பெயரைச் சொல்கிறார், திமேயுவின் மகன் என்றும் சேர்த்து.

மறுநாள் நிகழ்ச்சி முடிந்ததும் அந்த அம்மாவை அழைத்தேன். “அன்னைக்கு அவசரத்துல வெச்சிட்டேம்மா, மன்னிச்சிடுங்க. உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க” என்றேன்.

“பெருசா ஒண்ணும் இல்லம்மா. அந்தப் பாட்டைப் போடுறப்ப அவர் பேரைச் சொல்வீங்களா? பாக்க வர்றவங்க எல்லாம் எங்கிட்டதான் விசாரிக்கிறாங்க. அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேச ஆளில்ல.”

மருந்து, பணம், பிரார்த்தனை என்று நான் எதை எதையோ எதிர்பார்த்திருந்தேன். இது என் கணக்கிலேயே இல்லை.

அடுத்த நாள் காலை அவர் பெயரை முழுதாக, அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னேன். பிறகுதான் பாட்டு.

அதட்டிய அதே கூட்டம்தான், இயேசு நின்றதும், பர்திமேயுவைத் தைரியமாக எழுந்து போகச் சொன்னது. அதட்டிய வாய்க்கும் மாற ஒரு வாய்ப்பு உண்டு. இந்த வாரம் யாரையாவது நலம் விசாரிக்கப் போனால், பழப் பையைக் கீழே வைத்துவிட்டு, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.