வெள்ளை அணுக்களை எண்ணுவது யார்? மெஷினா, மைக்ரோஸ்கோப்பா?

செஞ்சிக்கு நெல் மூட்டை ஏற்றி வருபவர்களுக்கு லாரி எடைமேடை தெரியும். டன் கணக்கு பிசகாது. அதே மேடையில் ஒரு மோதிரத்தை வைத்தால்? பூஜ்யம்தான் காட்டும். அதற்காக மேடை ரிப்பேர் என்று யாரும் சொல்வதில்லை. உடம்பிலிருந்து எடுக்கும் நீரில் மெஷின் வெள்ளை அணுக்களை எண்ணும் கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை வெள்ளை அணுக்கள் இருக்கும். செல் கவுண்டர்கள் பிறந்ததே இந்தக் கூட்டத்தை எண்ணத்தான். மின்சாரம் ஓடும் ஒரு பொடித் துளை வழியாக அணுக்களை அனுப்பி, ஒவ்வொன்றும் கடக்கும்போது மின்தடை ஏறுவதை எண்ணும் முறைக்கு வாலஸ் கூல்ட்டர் 1953ல் காப்புரிமை வாங்கினார். ஆயிரக்கணக்கில் பத்து இருபது தவறினால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் முதுகுத் தண்டில் ஊசி போட்டு எடுக்கும் நீரில் பெரியவர்களுக்கு 5 அணுக்கள் வரைதான் இருக்கலாம். தூசு, குமிழி, முந்தைய சாம்பிளின் மிச்சம் என்று மெஷினே நாலைந்தைச் சேர்த்துவிட்டால்? 3 என்பது 8 ஆகி, இல்லாத மூளைக்காய்ச்சலுக்கு ஊசி ஏறும். 8 என்பது 3 ஆனால் இன்னும் மோசம். காசநோய் மூளைக்காய்ச்சலில் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் ஆபத்து.

அப்படியானால் கண்ணால் எண்ணினால் சுத்தமா? அதுவும் இல்லை. நியூபாவர் சேம்பரின் 9 பெரிய கட்டங்களும் சேர்ந்தே 0.9 மைக்ரோலிட்டர்தான். நாலு அணு எண்ணினால் கூடக் குறைய இரண்டு என்ற தடுமாற்றம் கூடவே வரும். (புள்ளியியல் பேப்பர் எழுதியவர்கள் பாய்ஸான் பரவலை ஞாபகப்படுத்திக்கொள்ளவும் :-) ) 3.2 மைக்ரோலிட்டர் பிடிக்கும் ஃபுக்ஸ்-ரோசென்தால் சேம்பர் இதற்குத் தேவலாம்.

மெஷினைத் திட்டுவது நோக்கமல்ல. கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவருக்கு நியூட்ரோஃபில் 250ஐத் தொட்டாலே கிருமித்தொற்று என்று மருந்து ஆரம்பிப்பார்கள். அந்த அளவில் உடல் திரவங்களுக்கென்று தனி வசதி உள்ள மெஷின்கள் நன்றாகவே எண்ணுகின்றன, அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு, சில நிமிடங்களில். புற்றுநோய் அணுவையும் உள்ளுறை அணுவையும் வெள்ளை அணு என்று சேர்த்துக்கொள்ளும் குணம் மட்டும் உண்டு. அதற்கு ஸ்லைடு பார்த்தே ஆக வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு லேபும் தன் மெஷின் எந்த எண்ணுக்குக் கீழே தடுமாறுகிறது என்று சோதித்து, அதற்குக் கீழே வந்தால் சேம்பரை எடுக்க வேண்டும். எந்த முறையில் எண்ணியது என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி போட்டால் டாக்டருக்கும் உதவும். மெஷின் வந்தாச்சே என்று சேம்பரை அலமாரியில் பூட்டினால், எண்ணத் தெரிந்தவர்களும் மெல்லக் குறைந்துபோவார்கள்.

இன்னொன்று, நேரம். தண்டுவட நீரை வெளியே வைத்தால் இரண்டு மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள் பாதியாகிவிடலாம். செஞ்சியில் ஊசி போட்டு எடுத்ததை முண்டியம்பாக்கத்துக்கோ புதுச்சேரிக்கோ பஸ்ஸில் கொடுத்தனுப்பினால், அங்கே எப்பேர்ப்பட்ட மெஷின் இருந்தாலும் செத்தது போக மிச்சத்தைத்தான் எண்ணும். நீரை அனுப்புவதைவிட நோயாளியையே ஆம்புலன்ஸில் அனுப்பி, அங்கேயே எடுத்து, உடனே எண்ணுவது மேல்.