பச்சையும் சிவப்பும் உங்க காசு இல்ல பாஸ்!

குமாரலிங்கபுரம் மாதிரி மானாவாரி ஊர்ல, வத்தல் மூட்டையை விருதுநகர் கமிஷன் கடைக்கு ஏத்துறதுக்கு முன்னால அப்பா விலை விசாரிப்பார். கையில இல்லாத மூட்டையை விக்க மாட்டார். பிள்ளையோட செல்போன்ல இருக்கிற ஷேர் ஆப்ல அதுவும் முடியும்!

திறந்ததும் பச்சையும் சிவப்புமா துடிக்குதே, அது 'வாட்ச்லிஸ்ட்'. வேடிக்கை பார்க்க மட்டும்தான். உங்க சொத்து 'ஹோல்டிங்ஸ்'ல இருக்கும். வாங்கின பங்கு டீமேட் கணக்குக்கு வந்து சேர அடுத்த வர்த்தக நாள் ஆகும். இன்னிக்கு ஆடுற ஆட்டம் 'பொசிஷன்ஸ்'ல.

'பை' பட்டனைத் தட்டினா 'டெலிவரி'யா, 'இன்ட்ராடே'யானு கேட்கும். அங்கேதான் ஒரு நிமிஷம் நிக்கணும். இன்ட்ராடேன்னா மாலை 3.30க்குச் சந்தை மூடுறதுக்குள்ள கணக்கை முடிச்சாகணும். நீங்க மறந்தாலும் புரோக்கர் மறக்க மாட்டார். நஷ்டமானாலும் வித்துத் தள்ளிடுவார்.

பக்கத்துலயே 'எஃப் அண்ட் ஓ' கண்ணடிக்கும். 2021-22 முதல் மூணு நிதியாண்டுல அதுல இறங்கின தனிநபர்கள்ல 100க்கு 93 பேருக்கு நஷ்டம்னு 2024 செப்டம்பர்ல 'செபி' சொல்லுச்சு. நஷ்டப்பட்டவங்களுக்குச் சராசரியா ஆளுக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய். அப்பா கணக்குல அது எத்தனை மூட்டை வத்தல்?

பல ஆப்கள்ல அந்தப் பிரிவை மூடி வைக்க வசதி இருக்கு. வாட்ச்லிஸ்ட்டை நிரப்புறதுக்கு முன்னாடி அதைத் தேடுங்க.