பாழ்மனைக்குப் பரிவா? பழுது நீக்குவார்க்கு ஒறுப்பா?

ஆரணியிலும் அதனையடுத்த நம் களம்பூரிலும் நெசவாளர் தெருக்களின் வழியே நடப்பார் இருவகை வீடுகளைக் காண்பர். ஒன்று, குழித்தறியின் ஓசை இன்னும் அடங்காத வீடு. மற்றொன்று, ஓடு சரிந்து, திண்ணை இடிந்து, பூட்டுத் துருவேறிய வீடு. பிழைப்புத் தேடிப் பெருநகர்களுக்குச் சென்றார் விட்டுச்சென்றவை அவை. அவற்றைப் புதுக்கிக் குடியேற எவரும் முன்வாராமைக்கு வறுமை ஒரு கரணியம். நம் உடைமைவரி (சொத்துவரி) முறை மற்றொரு கரணியம்.

இவ்வரி கட்டடத்தின் பரப்பு, வகை, பயன் ஆகியவற்றைக் கொண்டு கணிக்கப்படுவது. ஆகலின் ஓட்டை மாற்றித் தளமிட்டு, ஓர் அறை கூட்டிக் கட்டினால் வரி ஏறும். இடிந்து விழ விட்டுவிட்டால் இறங்கும். 2023 வரை நடப்பிலிருந்த 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிச் சட்டமோ, அரையாண்டில் தொடர்ந்து 30 நாள் ஆளின்றிக் கிடந்த வீட்டிற்கு வரியிற் பாதிவரை கழிக்கவும் இடந்தந்தது. உழைப்பார்க்குச் சுமை, பூட்டிவைப்பார்க்குப் பரிவு! இது என்ன முறை?

2022இல் பேரூராட்சிகளிலும் இவ்வரி உயர்த்தப்பட்டது. 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்பிற்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 விழுக்காடும் ஏறின. இவ்வுயர்வு களம்பூர் மன்றத்தில் பிறந்ததன்று. வரிக்குக் கீழெல்லை வகுத்து, தண்டலையும் ஆண்டுதோறும் பெருக்கினாலன்றி நகர்ப்புற நல்கை இல்லை என்றது தில்லியின் 15ஆவது நிதிக்குழு. நம் தெருவின் வரியை நாம் வகுக்கும் உரிமை நம்மிடம் இல்லை என்பதே இதன் பொருள். அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் வரி செலுத்துவார்க்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. இடிந்த சுவரை எடுத்துக் கட்டுவார்க்கு என்ன உண்டு?

அமெரிக்க நாட்டுப் பிட்சுபர்க்கு நகரம் 1913இல் வேறுவழி கண்டது. நிலத்தின்மேல் வரியை மிகுத்து, கட்டடத்தின்மேல் படிப்படியாகக் குறைத்து, 1925இல் பாதியாக்கிற்று. வெறுநிலத்தை முடக்கிவைப்பார்க்குச் சுமை, கட்டுவார்க்குத் தளர்வு. 2001இல் நில மதிப்பை மறுகணிப்புச் செய்தபோது எழுந்த குழப்பத்தால் அம்முறை கைவிடப்பட்டது. மதிப்பீடு நேரியதாயின்றேல் நல்ல வரியும் நிலையாது என்பதை அதனின்று கற்க.

நாம் கேட்பன மூன்று. ஒன்று, பாழ்வீட்டைப் புதுக்கி அதில் தாமே குடியிருப்பார்க்கும் நெய்வார்க்கும் பத்தாண்டு கூடுதல் வரி கூடாது. இரண்டு, விலையேற்றம் நோக்கிப் பூட்டிய மனைக்கு ஆண்டுதோறும் ஏறும் வரி வேண்டும். பங்காளி வழக்கில் சிக்கியவற்றிற்கு மட்டும் காலவரம்பு தருக. முதற் தளர்வின் இழப்பை இவ்வரி ஈடுசெய்யும். மூன்று, இவற்றை வகுக்கும் உரிமை ஊர்மன்றத்திற்கே வேண்டும்.

ஆனால் ஒன்றில் விழிப்பு வேண்டும். 'புதுக்கம்' என்னும் பெயரால் நான்கு நெசவாளர் வீடுகளை வாங்கி இடித்து அடுக்குமாடி எழுப்பும் மனைவணிகர்க்கு இத்தளர்வு போகலாகாது. தெருவின் நீளத்திற்குப் பாவு விரிப்பவன் நம் நெசவாளன்; அவனுக்குத் தெருவும் தறிக்கூடமே. தெரு கைமாறின் தொழிலும் கைமாறும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்றுவிட்டோம். பட்டு நெய்தற்குரிய புவியை இழந்தபின் குறியீடு எதற்கு?

தமிழர்காள், இதனை உங்கள் ஊர்மன்றத்தில் எழுப்புங்கள். வீடு நமது, தெரு நமது, அவற்றிற்குரிய வரியும் நாமே வகுப்பதாகுக!