டீச்சர் பதில்: அம்மா சொல்லித் தரவில்லையா?

பண்டமாரானிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறாள்: "டீச்சர், அம்மா இறந்து ஆறு வருடமாயிற்று. எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். வைக்கிற சாம்பார் பச்சை வாடை அடிக்கிறது. வெண்டைக்காய் வழவழக்கிறது. கீரை கறுத்துப் போகிறது. 'அம்மா சொல்லித் தரவில்லையா?' என்று மாமியார் கேட்டுவிட்டார். அன்று முழுக்க அழுதேன்."

தங்கையே, கண்ணைத் துடைத்துக்கொள். பயிற்சி முடித்துத் தோட்டத்துப் பள்ளிக்கு வந்தபோது எனக்கு ரசம்கூட வைக்கத் தெரியாது. பால்வெட்டி வந்த களைப்போடு அடுத்த வீட்டு அக்காதான் அடுப்படியில் நின்று சொல்லிக்கொடுத்தார். சமையல் யாருக்கும் பிறவியிலேயே வருவதில்லை.

முதலில் பச்சை வாடை. மஞ்சளின் நிறமும் சீரகம், மல்லியின் மணமும் எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். கொதிக்கிற குழம்பில் தூளைக் கொட்டினால் வாடை லேசில் போகாது. எண்ணெய் காய்ந்ததும் கடுகு போடு. அது வெடித்து அடங்கியதும் வெந்தயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. வெந்தயம் சிவந்தால் போதும், கறுத்தால் கசக்கும். பிறகு வெங்காயத்தை வதக்கி, தீயைக் குறைத்து, தூளைப் போட்டு அரை நிமிடம் கிளறு. அடிபிடிப்பதுபோல் தெரிந்தால் ஒரு கை தண்ணீர் தெளி. புளியைக் காய் வெந்த பிறகே ஊற்று. புளிப்பு முன்னே போனால் காய் சீக்கிரம் வேகாது.

வெண்டைக்காயை நறுக்கும் முன்பே கழுவி, ஈரம் போகத் துணியால் துடை. தண்ணீர் பட்டால் வழவழப்பு பெருகும். அகலமான சட்டியில் மூடாமல் வதக்கி, உப்பைக் கடைசியில் போடு.

கீரையைக் கொஞ்சம் தண்ணீரில், மூடாமல், சீக்கிரம் வேகவை. மூடினால் கீரையிலுள்ள புளிப்பு ஆவியோடு போகாமல் உள்ளேயே தங்கி நிறத்தைக் கெடுக்கும். வெந்த தண்ணீரைக் கொட்டாதே, சத்து அதில் இறங்கியிருக்கும். இறக்கியதும் எலுமிச்சை பிழி. அதன் வைட்டமின் சி, கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும்.

ஆனால் பக்கத்து வீட்டு மக்சிக் மரவள்ளிக் கொழுந்து கொடுத்தால் கணக்கே வேறு. மரவள்ளி இலையிலும் கிழங்கிலும் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. கிழங்கைத் தோல் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிடு. இலைக்கும் அப்படியே. பிள்ளைகள் பச்சையாகக் கடிக்க விடக்கூடாது. கசக்கிற கிழங்கு வேண்டவே வேண்டாம். 1942 முதல் 1945 வரை, ஜப்பான்காரன் காலத்தில், அரிசி கிடைக்காமல் நம் பாட்டிமார் இந்தக் கிழங்கை வைத்துத்தான் பிள்ளைகளின் பசியாற்றினார்கள். பக்குவம் தெரிந்ததால் பிழைத்தார்கள்.

கடைசியாக ஒன்று. நாளைக்கு மாமியாரிடமே போய், "அத்தை, உங்கள் கைப்பக்குவத்தை எனக்கும் சொல்லித் தாருங்கள்" என்று கேள். அன்று குறையாகக் கேட்டவர், இனி பக்கத்தில் நின்று சொல்லித் தரட்டும்.

வெண்டைக்காய் எப்படி வந்தது என்று மறக்காமல் எழுது.