நெற்றியிலே வெப்பமானி, வயிற்றிலே நெருப்பு!

தோழனே!

நோய் வந்தால் நாடு நடுங்கும். நடுங்கும் மக்களுக்கு நம்பிக்கை ஊட்டுவது நல்லரசின் கடன். அந்தக் கடனை ஆளவந்தார்கள் எப்படிக் கழித்தார்கள் என்றறிய ஆவணக் கட்டுகளைப் புரட்ட வேண்டாம். பெருந்தொற்றுக் காலத்தில் பெரிய ரயில் நிலையங்களிலே ஏழைப் பயணிக்குக் கிடைத்த வரவேற்பை எண்ணிப்பார், போதும்.

பம்பாயிலே பிளேக் நோய் பரவியபோது, 1897-ஆம் ஆண்டு வெள்ளையன் அவசர அவசரமாக ஒரு சட்டம் செய்தான். தொற்றுநோய்ச் சட்டம் என்று பெயர். ரயிலிலே செல்வோரைச் சோதிக்கலாம். ஐயத்துக்குரியோரைப் பிரித்து வைக்கலாம் என்று தனக்கு அதிகாரம் எழுதிக்கொண்டான். பயணிக்கு உள்ள உரிமை இன்னதென்று ஒரு வரிகூட எழுதினானில்லை. அடிமை நாட்டுக்கு அந்நியன் எழுதிய சட்டம் வேறெப்படி இருக்கும்? ஆனால் 2020-இலே கொரோனா வந்தபோது, விடுதலை பெற்ற நாட்டின் அரசுகள் தூசி தட்டி எடுத்ததும் அதே சட்டத்தைத்தான்! சட்டம் பழையது, போகட்டும். சிந்தையாவது புதியதாக இருந்ததா?

மார்ச் 22-ஆம் நாள் பயணி ரயில்களை நிறுத்தினார்கள். 24-ஆம் நாள் இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் நாடு முழுதும் ஊரடங்கு என்றார். நான்கே மணி நேரம்! நாட்கூலி பெறுபவன் மூட்டை கட்டவும் போதாத நேரம். வேலை போயிற்று, வாடகைக்கு வழியில்லை, ஊர் ஆயிரம் கல் தொலைவு, ரயில் இல்லை. நடந்தான், தோழனே, நடந்தான். தலையிலே மூட்டை, தோளிலே குழந்தை, காலிலே கொப்புளம். மே 8-ஆம் நாள் விடியற்காலையில், மராட்டிய மாநிலம் அவுரங்காபாத் அருகே, நடந்து களைத்துத் தண்டவாளத்திலேயே உறங்கிவிட்ட தொழிலாளர் 16 பேர்மீது சரக்கு ரயில் ஏறியது. ஆளுக்கு ரயில் இல்லை, சரக்குக்கு இருந்தது!

“ரயிலை விட்டிருந்தால் நோய் பரவியிருக்குமே” என்று வாதிடுவோர் உண்டு. வாதம்தான், மறுக்காமல் கேட்போம். ஊரடங்கு அறிவித்த நாளிலே நாட்டில் கண்டறியப்பட்ட நோயாளிகள் ஏறத்தாழ ஐந்நூறு பேர். தொழிலாளருக்கென முதல் சிறப்பு ரயில் தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்குப் புறப்பட்ட மே 1-ஆம் நாளிலோ, 35 ஆயிரத்துக்குமேல்! நோய் சிறிதாக இருந்தபோது கதவை மூடினார்கள், பெரிதானபின் திறந்தார்கள். இடையிலே ஐந்து வாரம் அவனைப் பட்டினி போட்டார்கள். இது நோய்த் தடுப்பா? நிர்வாகத் திறமையா? பதிலுண்டா?

திறந்த கதவிலேயும் என்ன நடந்தது? படுக்கை வகுப்புக் கட்டணம், அதிவேகக் கட்டணம் முப்பது ரூபாய், கூடுதல் கட்டணம் இருபது ரூபாய்! மாநில அதிகாரிகள் பயணிகளிடம் வசூலித்துத் தரவேண்டும் என்றது ரயில்வேயின் வழிகாட்டு நெறி. ஒப்பந்தக்காரனே போகவர வழிச்செலவு தரவேண்டும் என்று 1979-இல் இயற்றிய சட்டம் அன்று உயிரோடுதான் இருந்தது. அதைத் தட்டி எழுப்பத்தான் ஆளில்லை.

நிலைய வாயிலைக் காட்சியாகத் தீட்டிப்பார்.

“நில்! நெற்றியைக் காட்டு.”

“காட்டினேன், ஐயா.”

“சூடு இல்லை. போகலாம். கட்டணம்?”

“இரண்டு மாதமாகக் கூலி இல்லை, ஐயா. நேற்றிலிருந்து சோறும் இல்லை.”

“அதைக் கேட்கும் கருவி இங்கே இல்லை!”

கற்பனைதான், தோழனே. ஆனால் மே 28-ஆம் நாள் உச்சநீதிமன்றம் இட்ட ஆணையைப் படி: புலம்பெயர்ந்த தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது, புறப்படும் நிலையத்திலே அந்த மாநிலமும், பயணத்திலே ரயில்வேயும் உணவும் நீரும் தரவேண்டும். பசித்தவனுக்குச் சோறு, தவித்தவனுக்குத் தண்ணீர்! இதையும் நீதியரசர்கள் சொல்லித்தானா ஆளவந்தார்களுக்குத் தெரியவேண்டும்?

மும்பை அருகே வசாயிலிருந்து கோரக்பூருக்குப் புறப்பட்ட ரயில், ஒடிசாவின் ரூர்கேலாவிலே போய் நின்றது. நெரிசலால் வழி மாற்றினோம் என்றார்கள். பீகாரின் முசாஃபர்பூர் நிலையத்திலே, இறந்து கிடந்த தாயின்மீது போர்த்திய துணியை இழுத்து விளையாடியது, இறப்பென்றால் என்னவென்று அறியாத பச்சைக் குழந்தை. உலகமே கண்டு கலங்கியது. ரயில்வேயோ, இறந்தோரில் பலர் முன்பே நோயாளிகள் என்றது. நோயாளி என்றால் மருத்துவர் எங்கே? மருந்து எங்கே? அந்தச் சிறப்பு ரயில்களிலே, செப்டம்பர் 9 வரை, இறந்தவர்கள் 97 பேர் என்று நாடாளுமன்றத்திலே ஒப்புக்கொண்டது அரசு. ஊர் திரும்பும் வழியிலே மாண்ட தொழிலாளர் எத்தனை பேர் என்று கேட்டபோதோ, அத்தகைய கணக்கே இல்லை என்றது தொழிலாளர் துறை. ஓடிய ரயில்கள் 4,621 என்று கணக்குச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, ஓய்ந்த உயிர்களை எண்ண விரல் இல்லாமற் போயிற்று!

“வடநாட்டுத் தொழிலாளிக்காக நாம் ஏன் வருந்தவேண்டும்?” என்று நம்மிலேயே சிலர் முணுமுணுக்கக்கூடும். அவர்களுக்குச் சொல்: இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் மண்டபம் முகாமிலே நோய்ச் சோதனைக்காக அடைத்து வைக்கப்பட்டார்கள். அன்று சந்தேகப்பட்டியலிலே நின்றவன் தமிழன். 2020-இலே சென்னை சென்ட்ரலில் ஊர்போக நின்றவன் பீகாரி, ஒடியன், வங்காளி. மொழி வேறு, வயிறு ஒன்று. திருப்பூரின் தறியும் சென்னையின் மாடிகளும் அவன் கைபட்டு எழுந்தவை.

இன்னொன்றையும் மறவாதே. தேவையற்ற பயணத்தைத் தடுக்க என்று சொல்லி, 2020 மார்ச்சிலே மூத்த குடிமக்களின் கட்டணச் சலுகையைப் பறித்தார்கள். கொரோனா நெருக்கடி முடிந்ததென 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் விடைபெற்றது, பறித்த கை திறக்கவில்லை!

ஆகவே கேட்போம். ரயிலை நிறுத்துமுன் மக்கள் வீடுசேர நாள் கொடு. நெருக்கடியிலே தொழிலாளிக்குக் கட்டணமில்லாப் பயணம் கொடு. பெரிய நிலையம் ஒவ்வொன்றிலும் உணவும் நீரும் மருத்துவரும் இருக்கட்டும். இறந்தவர் கணக்கை மறைக்காதே. 1897-இன் சட்டம் அரசுக்கு அதிகாரம் தந்தது; அடுத்த சட்டம் பயணிக்கு உரிமை தரட்டும்.

இதை மேடையிலே பேசு; தெருமுனையிலே பேசு. மீண்டும் ஒரு நோய் வருமானால், நிலைய வாயிலிலே தண்ணீர்க் குடத்தோடு முதலில் நிற்பவன் நீயாக இரு!